‘திரும்பி வந்தவர்’ கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சமையல் குறிப்புத் தளம் ஒன்று, கைத்தறிப் புடவைக் கடை ஒன்று, மாதம் இருமுறை வரும் இலக்கிய இதழ் ஒன்று என நண்பர்கள் நடத்தும் சில இணையதளங்களின் வருகைக் கணக்கை நான் பார்த்துச் சொல்கிறேன். மாதத்தின் முதல் வாரம் பிறந்தால் போதும், “ரிட்டர்னிங் என்று ஒரு எண் இருக்கிறதே, அது என்ன?” என்று தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். ஒரே பதிலை ஒன்பது பேரிடம் சொல்லிச் சலித்துப்போய் இதை எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாக்கிலேயே விட்டிருக்கிறேன். பெரும்பாலோர் வைத்திருப்பது, வருகையை எண்ணும் கருவியான கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பான ஜிஏ4. ஆகவே பதில்களும் அதை ஒட்டியே இருக்கும்.

என் வாசகரை அதற்கு எப்படித் தெரியும்? திரும்பி வந்தவர் என்று எதை வைத்துச் சொல்கிறது?

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கியிருப்பீர்கள். பழைய சீட்டை நீட்டினால் பழைய நோயாளி. வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தால் புதுச் சீட்டு, புது எண். பத்து வருடமாக அதே மருத்துவரைப் பார்க்கிறவராக இருந்தாலும் பதிவேட்டில் அன்று புதியவர்தான். இணையதளமும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. முதல்முறை வருகிறவரின் உலாவியில் குக்கி என்ற சிறு குறிப்பை எழுதிவைக்கிறது. அடுத்த முறை அந்தக் குறிப்பு அங்கே இருந்தால் ‘திரும்பி வந்தவர்’, இல்லாவிட்டால் ‘புதியவர்’. முகத்தைப் பார்த்ததும் “வழக்கம்போல சர்க்கரை கம்மியா?” என்று கேட்கிற டீக்கடைக்காரரின் நினைவாற்றல் இதற்குக் கிடையாது.

குக்கியை 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கியவர் லூ மாண்டுல்லி. அது வெளியுலகில் முதன்முதலாகப் பயன்பட்டதே, நெட்ஸ்கேப் தளத்துக்கு வருகிறவர் முன்பே வந்தவரா என்று பார்ப்பதற்குத்தான். நீங்கள் கேட்கும் கேள்விக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. விடையில் உள்ள குறையும் அன்று தொட்டே கூட வருகிறது: அது எண்ணுவது சீட்டுகளை; ஆட்களை அது பார்த்ததே இல்லை. கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரு வரியிலிருந்து கிளைப்பவை.

அந்தச் சீட்டில் என்னதான் எழுதியிருக்கிறது? பெயர், போன் நம்பர் எல்லாம் போய்விடுகிறதா?

பெயரும் இல்லை, போன் நம்பரும் இல்லை. கூகுள் அனலிட்டிக்ஸ் எழுதும் முக்கியக் குக்கியில் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது குலுக்கல் முறையில் கிடைத்த ஓர் எண். இரண்டாவது, அந்த உலாவி உங்கள் தளத்துக்கு முதலில் வந்த நேரம். அந்த நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நொடிகளாகக் குறித்துவைக்கும். 1700000000 என்று இருந்தால் அவர் முதலில் வந்தது 2023 நவம்பர் 15, இந்திய நேரப்படி அதிகாலை 3.43 மணிக்கு. கணினியில் குரோம் உலாவியைத் திறந்து, எஃப்12 பொத்தானை அழுத்தி, ‘அப்ளிகேஷன்’ பகுதியில் உள்ள குக்கிகளைப் பாருங்கள். உங்கள் சீட்டையே நீங்கள் படித்துவிடலாம்.

இந்தக் குக்கிக்குக் கூகுள் எழுதும் ஆயுள் 2 ஆண்டுகள். ஆனால் 2022 முதல் குரோம் எந்தக் குக்கிக்கும் 400 நாளுக்கு மேல் ஆயுள் தருவதில்லை. ஒவ்வொரு வருகையின்போதும் நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பதால், தீபாவளிப் பலகாரம் பார்க்க வருடத்துக்கு ஒருமுறை மட்டும் எட்டிப்பார்க்கிறவர்கூட, நடுவில் போனை மாற்றாவிட்டால், பழையவராகவே எண்ணப்படுவார். ஐபோன்காரர் கதை வேறு, கீழே வருகிறது.

ஒருவர் காலையில் பார்த்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி திறந்தால் அவர் திரும்பி வந்தவர் ஆகிவிடுவாரா?

மாட்டார். வருகையைச் செஷன் என்ற அலகில் எண்ணுகிறார்கள். எந்த அசைவும் இல்லாமல் 30 நிமிடம் கழிந்தால்தான் ஒரு செஷன் முடியும். சாம்பாருக்குப் புளி கரைத்துவிட்டுப் பத்து நிமிடத்தில் குறிப்பை மறுபடி பார்க்கிறவர் அதே செஷனில்தான் இருக்கிறார். சாப்பிட்டுவிட்டு மாலையில் வந்தால் அது இரண்டாவது செஷன். அப்போதுதான் ‘திரும்பி வந்தவர்’ பட்டம்.

இந்த 30 நிமிடத்தை அமைப்புகளில் போய் 7 மணி 55 நிமிடம் வரை நீட்டலாம். ஒரு மணி நேரம் நெடுங்கதை படிக்கிற வாசகர்கள் இருந்தால் யோசிக்கலாம். மற்றவர்கள் தொடாமல் விடுவது நல்லது. நடுவில் மாற்றினால் பழைய மாதங்களோடு ஒப்பிட முடியாமல் போய்விடும்.

புதியவர் 800, திரும்பி வந்தவர் 300, மொத்தம் 1,000 என்கிறது. கூகுளுக்குக் கூட்டல்கூடத் தெரியாதா?

தெரியும். ஒருவர் 3ஆம் தேதி முதல்முறையாக வந்து, 10ஆம் தேதி மறுபடி வருகிறார். அந்த மாதத்தில் அவர் புதியவரும்தான், திரும்பி வந்தவரும்தான். இரண்டு பட்டியலிலும் அவர் பெயர் இருக்கும், மொத்தத்தில் ஒருமுறைதான் இருக்கும். உங்கள் கணக்கில் அப்படி 100 பேர். இவர்களைத்தான் எனக்கு மிகவும் பிடிக்கும். வந்த மாதத்திலேயே மறுபடி வந்தவர்கள் அல்லவா?

இதைத் தவிரச் சின்னச் சின்ன வித்தியாசங்களும் தென்படும். வருகையாளர் எண்ணிக்கையை ஜிஏ4 ஒவ்வொருவராக எண்ணுவதில்லை. ஹைப்பர்லாக்லாக் வகையைச் சேர்ந்த ஒரு மதிப்பீட்டு முறையைப் பயன்படுத்துகிறது. ஒன்றிரண்டு பேர் கூடுவதும் குறைவதும் அதனால். இன்னொரு பொறியும் உண்டு: ‘நியூ/ரிட்டர்னிங்’ என்பதன் பக்கத்திலேயே ‘நியூ/எஸ்டாப்ளிஷ்ட்’ என்று ஒன்று இருக்கும். அது முதல் வருகை கடந்த 7 நாளுக்குள்ளா, அதற்கு முன்பா என்று பிரிப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் மூவர்.

சார், நானே என் கடைத் தளத்தை ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்து பார்க்கிறேன். அதுவும் சேர்ந்துவிடுமா?

சேரும். தினம் நாற்பது பேர் வரும் தளத்தில் உரிமையாளர், அவர் மனைவி, படம் ஏற்றும் பையன் என்று மூன்று பேர் விடாமல் திறந்துகொண்டிருந்தால் ‘விசுவாசமான வாடிக்கையாளர்’ எண்ணிக்கை அழகாகவே தெரியும்.

ஜிஏ4இல் உங்கள் ஐபி முகவரியை (உங்கள் இணைய இணைப்பின் எண்) கொடுத்து ‘இன்டர்னல்’ வருகை என்று குறித்து வடிகட்டலாம். அந்த வடிகட்டி ஏற்கெனவே ஒன்று இருக்கும், ஆனால் சோதனை நிலையில் தூங்கிக்கொண்டிருக்கும். அதைச் செயல்நிலைக்கு மாற்ற வேண்டும். பலர் முகவரியைக் கொடுத்துவிட்டு இந்தப் படியை மறந்துவிடுகிறார்கள். மாற்றிய நாளிலிருந்துதான் பலன். பழைய கணக்கு திருந்தாது. வீட்டு இணைப்பில் ஐபி முகவரி அவ்வப்போது மாறும் என்பதால், கணக்கில் சேர்க்காதே என்று சொல்லும் நீட்சி ஒன்றைக் கூகுளே தருகிறது. அதை உங்கள் கணினி உலாவியில் போட்டுக்கொள்வது எளிது.

தம்பி, ஐபோன் வைத்திருக்கிற வாசகர்கள் ஒருவர்கூடத் திரும்பி வருவதில்லை போலிருக்கிறதே. அவர்களுக்கு இலக்கியம் பிடிக்காதா?

பிடிக்கும், ஐயா. ஐபோனோடு வரும் சஃபாரி உலாவிதான் காரணம். பின்தொடர்வதைத் தடுக்கும் ஏற்பாட்டை ஆப்பிள் 2017இல் கொண்டுவந்தது. 2019இல் அதை இறுக்கி, பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதும் குக்கிகளுக்கு 7 நாள் மட்டுமே ஆயுள் என்று வைத்துவிட்டது. கூகுள் அனலிட்டிக்ஸின் குக்கி வழக்கமாக அப்படித்தான் எழுதப்படுகிறது. ஐந்து நாளுக்கு ஒருமுறை வருகிறவருக்குச் சீட்டு புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். எட்டாம் நாள் வருகிறவர் புதியவர்.

உங்கள் இதழ் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருகிறது. இதழ் வந்ததும் ஓடிவந்து படித்துவிட்டு அடுத்த இதழுக்குத்தான் மறுபடி வருகிற ஐபோன் வாசகர், எத்தனை வருடமானாலும் ஒவ்வொரு முறையும் புதியவராகவே பதிவாவார். வார இதழ் நடத்துகிறவர்களுக்கு இது இன்னும் வேடிக்கை. போன ஞாயிறு காலை 9 மணிக்குப் படித்தவர் இந்த ஞாயிறு 8 மணிக்கு வந்தால் பழையவர், 10 மணிக்கு வந்தால் புதியவர். ஐபோனில் குரோம் வைத்திருந்தாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் இயந்திரம்தான் என்பதால் தப்ப முடியாது. ஆகவே திரும்பி வருவோர் கணக்கைப் பார்க்கும்போது ஆண்ட்ராய்டையும் ஐபோனையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். வாசகர் பழக்கத்தை அறிய ஆண்ட்ராய்டு எண்ணையே நம்புங்கள்.

ஒரே ஆள் போனிலும் பார்க்கிறார், அலுவலகக் கணினியிலும் பார்க்கிறார். இரண்டு பேரா?

இரண்டு சீட்டு, ஆகவே இரண்டு பேர். போனுக்குள்ளேயேகூட இப்படி நடக்கும். ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ உள்ள இணைப்பைத் தட்டினால் பக்கம் பெரும்பாலும் அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும் உலாவியில் திறக்கும். அதன் குக்கி டப்பா வேறு, குரோமின் டப்பா வேறு. மறைநிலைச் சாளரத்தில் பார்த்தால் மூடியதுமே சீட்டு குப்பைக்குப் போய்விடும். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர் பல நேரங்களில் கணக்கிலேயே வருவதில்லை.

எதிர்த்திசையிலும் பிழை உண்டு. வீட்டில் ஒரே போன், அம்மா சமையல் பார்க்கிறார், மகள் அதே தளத்தில் கோலம் பார்க்கிறாள். கணக்கில் ஒருவரே இருமுறை வந்ததாக இருக்கும். ஆனால் மொத்தத்தில் பிழை சாய்வது ஒரு பக்கமாகத்தான்: திரும்பி வருகிறவர்கள் உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவும், புதியவர்கள் அதிகமாகவும் தெரிவார்கள். அறிக்கையில் 300 என்றால் “குறைந்தது ஏறக்குறைய 300” என்று படித்துக்கொள்கிறேன்.

அப்படியானால் லாகின் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?

உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் சரியாகும். அவர்களுக்கு உங்கள் தளம் கொடுக்கும் ஓர் அடையாள எண்ணை ஜிஏ4க்கு அனுப்பினால், போனும் கணினியும் ஒரே ஆளாகச் சேரும். அந்த எண்ணாக மின்னஞ்சலையோ கைபேசி எண்ணையோ அனுப்பக் கூடாது. கூகுளின் விதியே அதைத் தடுக்கிறது.

வெறும் கணக்கு சரியாக வேண்டும் என்பதற்காக, ரசம் வைக்கும் முறையைப் படிக்க வந்தவரிடம் கடவுச்சொல் கேட்காதீர்கள். போய்விடுவார்.

திரும்பி வருபவர்கள் எத்தனை சதவீதம் இருந்தால் நல்லது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்கு ஓர் எண்ணைச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. தினச் செய்தித் தளத்துக்கு வாசகர் தினமும் வர வேண்டும். கல்யாணப் பட்டுக்கு அப்படி அல்ல. முகூர்த்தம் குறித்ததும் மூன்று வாரம் விடாமல் வருவார்கள், வீட்டில் நால்வரிடம் காட்டுவார்கள், வாங்குவார்கள், பிறகு அடுத்த கல்யாணம் வரை எட்டிப்பார்க்க மாட்டார்கள். இரண்டுக்கும் ஒரே சதவீதத்தை வைத்து மதிப்பெண் போட முடியுமா?

அதைவிட முக்கியம், சதவீதம் என்பதே இங்கே ஏமாற்றும். நடந்த ஒன்றை எண்களை எளிமையாக்கிச் சொல்கிறேன். சமையல் தளத்தில் ஒரு மாதம் 1,000 பேர் வந்தார்கள், அதில் 300 பேர் திரும்பி வந்தவர்கள்; 30 சதவீதம். அடுத்த மாதம் ஒரு ஊறுகாய்க் குறிப்பு கூகுள் தேடலில் மேலே ஏறிவிட்டது. 3,000 பேர் வந்தார்கள், திரும்பி வந்தவர்கள் 450. சதவீதம் 15 ஆகிவிட்டது. “பாதியாகக் குறைந்துவிட்டதே, தளத்தின் வடிவத்தை மாற்றியதால்தானோ?” என்று நடத்துகிறவர் பதறிப்போனார். பழைய வடிவத்துக்கே மாற்றச் சொல்லி ஆள் வைத்துவிட்டார். உண்மையில் திரும்பி வந்தவர்கள் ஒன்றரை மடங்காகியிருந்தார்கள். இதேபோல் கூகுள் உங்களைக் கைவிட்டுப் புதியவர்கள் வராமல் போனால், ஒன்றுமே செய்யாமல் ‘திரும்பி வருவோர் சதவீதம்’ ஜோராக ஏறும்.

எனவே சதவீதத்தை ஓரமாக வையுங்கள். திரும்பி வந்தவர்களின் எண்ணிக்கையை உங்கள் தளத்தின் சென்ற மாதத்தோடும் சென்ற ஆண்டின் இதே மாதத்தோடும் ஒப்பிடுங்கள். மேலே சொன்ன சீட்டுப் பிழைகள் இந்த மாதமும் உண்டு, சென்ற மாதமும் உண்டு. ஒப்பிடும்போது பெருமளவு கழிந்துவிடும். அடுத்தவர் தளத்தோடு ஒப்பிட்டால் கழியாது.

சரி, சதவீதம் வேண்டாம் என்கிறீர்கள். அப்படியானால் எதைத்தான் பார்ப்பது?

வந்த நாளை வைத்து ஆட்களைக் குழுவாகப் பிரித்து, அந்தக் குழு என்ன ஆனது என்று பாருங்கள். ஜிஏ4இன் ‘எக்ஸ்ப்ளோர்’ பகுதியில் ‘கோஹார்ட்’ என்ற வார்ப்புரு இருக்கிறது. பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பு வரை வந்தார்கள் என்று பார்ப்பதைப் போன்றது. ஜனவரி முதல் வாரம் 200 பேர் புதிதாக வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அவர்களில் 24 பேர், அதற்கடுத்த வாரம் 14, பிறகு 12, பிறகு மறுபடி 12. முதலில் சரிவு பயமுறுத்தும். எல்லாத் தளத்திலும் அப்படித்தான். சரிவு நின்று 12இல் தங்குகிறதே, அந்தப் பன்னிரண்டு பேர்தான் உங்கள் வாசகர்கள். பிப்ரவரிக் குழு எந்த எண்ணில் வந்து தங்குகிறது என்று பாருங்கள். அது 16 ஆனால் ஏதோ ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.

இதற்கடுத்த படி இன்னும் சுவையானது. முதல்முறை எந்தப் பக்கத்தில் இறங்கியவர்கள் திரும்பி வருகிறார்கள்? அதே ‘எக்ஸ்ப்ளோர்’ பகுதியில், குறிப்பிட்ட பக்கத்தில் முதலில் இறங்கியவர்கள் என்று ஒரு செக்மென்ட் (தனிப் பிரிவு) அமைத்து, கோஹார்ட் அட்டவணைக்குள் போட்டுப் பார்க்கலாம். அந்த ஊறுகாய்ப் பக்கம் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுவந்தது. அளவைப் பார்த்தார்கள், போனார்கள். குழந்தைகளின் மதிய உணவு டப்பாவுக்கு என்ன செய்வது என்ற சாதாரணப் பட்டியல் பக்கத்துக்குக் கூட்டமே இல்லை, ஆனால் அதில் இறங்கியவர்கள் வாரா வாரம் வந்தார்கள். கிழமையையும் நேரத்தையும் பிரித்துப் பார்த்தபோது ஞாயிறு மாலையில்தான் அதிகம் வருகிறார்கள் என்று தெரிந்தது. திங்கட்கிழமை டப்பாவுக்கான கவலை! அதிலிருந்து புதுப் பட்டியலை ஞாயிறு மதியமே போட்டுவிடுகிறார்கள். ‘திரும்பி வந்தவர் 300’ என்ற ஒற்றை எண்ணை எத்தனை நாள் உற்றுப் பார்த்திருந்தாலும் இது தெரிந்திருக்காது.

நீங்கள் சொன்னபடி கோஹார்ட் பார்க்கப் போனேன், அண்ணா. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லையே?

ஒவ்வொரு வருகையாளரின் தனித்தனித் தரவை ஜிஏ4 இயல்பாக 2 மாதம்தான் வைத்திருக்கும். அமைப்புகளில் ‘டேட்டா ரிட்டென்ஷன்’ என்ற இடத்தில் 14 மாதம் என்று மாற்றலாம். இலவசக் கணக்கில் அதுதான் உச்சம். அழிந்தது அழிந்ததுதான், மீளாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு காரியம் செய்வதாக இருந்தால் இன்றே இதைச் செய்யுங்கள். முன்பக்கத்தில் வரும் வழக்கமான அறிக்கைகள் தொகுத்த எண்கள் என்பதால் இதனால் பாதிக்கப்படுவதில்லை. ‘எக்ஸ்ப்ளோர்’ பகுதிதான் வெறுமையாகிவிடும்.

14 மாதமும் போதாது என்றால் பிக்குவெரி என்ற கூகுளின் தரவுக் கிடங்கோடு இணைத்துவிடலாம். சிறிய தளங்களுக்கு இலவச வரம்புக்குள்ளேயே அடங்கும். ஆனால் அதுவும் இணைத்த நாளிலிருந்துதான் சேமிக்கும்.

‘டைரக்ட்’ என்று வருகிறவர்கள் எல்லாம் முகவரியை மனப்பாடமாக வைத்திருக்கிற பழைய வாசகர்கள்தானே?

அப்படி நினைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். எங்கிருந்து வந்தார் என்று தெரியாத எல்லாரையும் கொட்டிவைக்கிற கூடை அது. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அனுப்பிய இணைப்பைத் தட்டி முதல்முறையாக வருகிறவரும் பெரும்பாலும் இங்கேதான் விழுவார். நீங்களே குழுவுக்கு அனுப்பும்போது இணைப்பின் வாலில், எங்கிருந்து வந்தது என்று சொல்லும் யுடிஎம் குறிகளைச் சேர்த்து அனுப்புங்கள். அப்போது தனியாகத் தெரியும். (2005இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்ததுதான் அந்த ‘யு’. கூகுள் அனலிட்டிக்ஸின் மூதாதை அதுவே.) தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும் இணைப்புகளில் மட்டும் இந்த வாலை ஒட்டாதீர்கள், வந்த வழிக் கணக்கு குழம்பிவிடும்.

திரும்பி வருவோரைப் பொறுத்தவரை இரண்டு அறிக்கைகளைப் பிரித்தறியுங்கள். ‘யூசர் அக்விசிஷன்’ என்பது அவர் முதன்முதலில் எந்த வழியாக வந்தார் என்பது, அது மாறாது. ‘டிராஃபிக் அக்விசிஷன்’ இந்த முறை எந்த வழியாக வந்தார் என்பது. முதலில் தேடல் வழியாகக் கிடைத்தவர்கள் இப்போது மின்மடல் வழியாக வருகிறார்களா என்பதை இரண்டையும் அருகருகே வைத்தால்தான் காண முடியும்.

குக்கியே வேண்டாம் என்று பிளாசிபிளுக்கு மாறிவிட்டேன். திரும்பி வந்தவர் கணக்கு எங்கே இருக்கிறது?

இல்லை. ஒளித்துவைக்கவும் இல்லை. குக்கி இல்லாமல் வருகையை எண்ணும் கருவியான பிளாசிபிள், ஐபி முகவரியையும் உலாவி விவரத்தையும் தளத்தின் பெயரையும் ஒரு தற்காலிக இரகசிய எண்ணோடு சேர்த்து அரைத்து அடையாளம் உண்டாக்குகிறது. அந்த இரகசிய எண்ணை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறது. நள்ளிரவில் எல்லாச் சீட்டையும் எரித்துவிடும் மருத்துவமனை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் முழுதும் தினமும் வந்தவர் முப்பது பேராகத் தெரிவார். அதைத் தெரிந்தே, வாசகரின் அந்தரங்கத்துக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் குறை காண மனமில்லை.

தரவு கூகுளுக்குப் போகாமலும் இருக்க வேண்டும், திரும்பி வந்தவர் கணக்கும் வேண்டும் என்றால் மட்டோமோவைப் பாருங்கள். 2007இல் பிவிக் என்ற பெயரில் தொடங்கிய திறமூல மென்பொருள்; தரவு உங்கள் சர்வரிலேயே இருக்கும். குக்கியோடு ஓடவிட்டால் அதன் சீட்டுக்கு 13 மாத ஆயுள். கடைசி வருகைக்குப் பின் எத்தனை நாள் கழித்து வந்தார், இது எத்தனையாவது வருகை என்ற அறிக்கைகள் அதில் தயாராகவே இருக்கின்றன. சொல்லப்போனால் ஜிஏ4ஐவிடத் தெளிவாகவே இருக்கின்றன.

குக்கிக்கு அனுமதி கேட்க வேண்டுமா? கேட்டால் எண்ணிக்கை குறைந்துவிடாதா?

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து வாசகர்கள் வந்தால் முன்அனுமதி கேட்க வேண்டும். தமிழ்த் தளங்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. இலக்கிய இதழுக்குப் பாரிஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வருகிற ஈழத் தமிழ் வாசகர்கள் நிறைய. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கின்றன. நுணுக்கங்களுக்கு வழக்கறிஞரைக் கேளுங்கள்.

எண்ணிக்கை குறையத்தான் செய்யும். மறுத்தவருக்குச் சீட்டு கிடையாது, ஆகவே அவர் திரும்பி வந்தவராக ஆகவே முடியாது. விடுபட்டதைக் கூகுள் மாதிரிக் கணிப்பால் நிரப்பும் வசதி இருக்கிறது. ஆனால் அது தினம் ஆயிரக்கணக்கில் வருகை உள்ள தளங்களுக்குத்தான் கிடைக்கும். அனுமதி கேட்கத் தொடங்கிய தேதியை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கோடு ஏன் இறங்கியது என்று என்னிடம் கேட்பீர்கள்.

2023க்கு முந்தைய எண்களோடு ஒப்பிட்டால் இப்போது திரும்பி வருவோர் வேறு மாதிரி இருக்கிறார்களே?

ஜிஏ4க்கு முந்தைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1இல் கணக்கெடுப்பதை நிறுத்திக்கொண்டது. அது நள்ளிரவானால் செஷனை வெட்டிவிடும், ஜிஏ4 வெட்டாது. அது வந்தவர் அனைவரையும் முன்னிறுத்தியது, ஜிஏ4 உண்மையில் ஈடுபட்டவர்களை முன்னிறுத்துகிறது. படியால் அளந்ததையும் கிலோவில் நிறுத்ததையும் ஒரே கோட்டில் வரையாதீர்கள்.

எங்கள் கடையில் வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் திரும்பி வந்தவர்கள்தான், சார். அப்படியானால் எல்லாரையும் எப்படியாவது திரும்ப வரவைத்துவிட்டால் விற்பனை கூடும் அல்லவா?

கூடலாம். கூடும் என்று அந்த எண் சொல்லவில்லை. வாங்குவது என்று மனத்தில் வைத்திருப்பவர்தான் இரண்டாம் முறை வருகிறார். பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள்தான் பஸ்ஸில் ஏறுகிறார்கள் என்பதற்காக, தெருவில் போகிறவர்களை எல்லாம் இழுத்து வந்து நிறுத்தினால் டிக்கெட் விற்றுவிடுமா? உறுதியாக அறிய வேண்டுமென்றால், கைபேசி எண் கொடுத்த வாடிக்கையாளர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு மட்டும் நினைவூட்டும் செய்தி அனுப்பி, இரண்டு பாதியின் விற்பனையையும் ஒப்பிடுங்கள்.

திரும்பி வருவது எப்போதும் அன்பினால் அல்ல என்பதையும் உங்கள் கடையிலேயே பார்த்தோம். வாங்கியவர்கள் வாங்குவதற்கு முன் மூன்று நான்கு முறை வந்திருந்தார்கள். என்ன பார்க்கிறார்கள் என்று தோண்டினால், ஒவ்வொரு முறையும் அனுப்பும் செலவு எவ்வளவு என்ற பக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். அந்தத் தொகை புடவைப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. புடவையின் விலைக்குக் கீழே அதை ஒரு வரியில் எழுதிவைத்தோம். அடுத்த மாதம் திரும்பி வருவோர் எண்ணிக்கை இறங்கியது, ஆர்டர் இறங்கவில்லை. எண் இறங்கிவிட்டது என்று நீங்கள் இன்னும் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.